உப்பளத்துப் பொண்ணுக்கு உப்புச்சத்து கம்மியாம்

உங்க வீட்டுப் புள்ளைக்குத் தீராத வியாதி ஒண்ணு வந்துடுச்சுன்னு வையுங்க, முதல்ல யாரைத் திட்டுவீங்க?

யோசிக்காதீங்க, டக்குன்னு சொல்லுங்க. யாரையாவது கண்டிப்பா திட்டுவீங்க. திட்டாத வீடு ஒண்ணு கூட நான் பாக்கல. ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து நல்லா பாத்துட்டேன். எங்க வீட்டுல முதல் திட்டு எங்கம்மாவுக்கு. புள்ளை வயித்துல இருக்கும்போது உப்பு சுமந்தாங்களாம், அதனாலயாம். சுமக்க வெச்சது யாரு? அதைக் கேக்கக் கூடாது. அடுத்த திட்டு எனக்கு. காலேஜு முடிஞ்சு பாண்டிச்சேரியிலிருந்து வர்றப்பல்லாம் மிட்டாய் வாங்கியாந்து குடுத்து கெடுத்துட்டேனாம். மூணாவதா, வியாதி வந்தவளுக்கே திட்டு. வெல்லப் பானையில கையை வுட்டுட்டாளாம்.

அந்தத் திட்டு அத்தனைக்கும் சேத்துதான் இதை டைப் அடிக்கிறேன். வார்டுல டாக்டரம்மா கேட்டாங்க, "நீ எழுதிக் குடு, சைக்ளோஸ்டைல் எடுத்து மத்த அம்மாக்களுக்குக் குடுக்கறேன், நல்ல தமிழ்ல எழுது"ன்னு. நல்ல தமிழ்ல எழுதுனா எந்த அம்மாவும் படிக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டேன். பேசறது மாதிரிதான் எழுதுவேன். பிடிக்கலன்னா பொட்டலம் கட்டிக்குங்க.

பவானி என் தங்கச்சி. அஞ்சாவது படிக்கிறா. நான் பி.எஸ்சி. விலங்கியல். மரக்காணம் உப்பளத்துல எங்க அப்பாவும் பெரியப்பாவும் சேந்து பாத்தி குத்தகைக்கு எடுத்து ஓட்டறாங்க. ஓட்டறாங்கன்னு சொல்றது மரியாதைக்கு. பெரியப்பா ஓட்டுவாரு, எங்கப்பா "சரிண்ணே"ன்னுவாரு. என்னைப் பேரு சொல்லி பெரியப்பா கூப்புட்டதே இல்ல. "ஏ காலேஜி"தான்.

பவானிக்கு சர்க்கரை வந்தது எமர்ஜென்சி சமயத்துல. குடம் குடமா தண்ணி குடிச்சா, அதே கணக்குல ஒண்ணுக்குப் போனா, தின்னுக்கினே இளைச்சா. மூச்சு வாங்கி மயக்கமாயி தூக்கினு போனப்பதான் கண்டுபுடிச்சாங்க. கிழவங்களுக்கு வர்ற சர்க்கரை வேற, இது வேற. இது புள்ளைங்களுக்கு வர்ற ரகம். ஊசி போடாம உசுரு நிக்காது. எப்படின்னா, பாத்திக்குள்ள தண்ணி போவணும்னா மடையைத் தொறக்க ஒரு ஆள் வேணும் இல்லியா? சாப்பாட்டுல இருந்து வர்ற சர்க்கரை உடம்புக்குள்ள போவறதுக்கு மடை தொறக்கிற ஆளுதான் இன்சுலின். வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு அதைச் செய்யுது. பவானிக்கு அது செய்யறதை நிறுத்திடுச்சு. அதனால நாம வெளியிலிருந்து ஆளை அனுப்பறோம், ஊசி வழியா. இவ்வளவுதான் விஷயம்.

தினம் காலையில எங்க வீட்டுல இதான் வேலை. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைக்கணும். ஈரமணல் பானையில இருந்து மருந்து பாட்டிலை எடுக்கணும். ஊசி போடறதுக்கு முன்னாடி மூத்திரம் பாக்கணும். பெனடிக்ட்னு ஒரு நீலத் தண்ணி. அதை டெஸ்ட் ட்யூப்ல ஊத்தி, மூத்திரத்தைச் சொட்டு சொட்டா வுட்டு, ஸ்பிரிட் விளக்குல காட்டணும். நீலமாவே நின்னா சர்க்கரை இல்ல. பச்சைன்னா கொஞ்சம். மஞ்சள்னா ஜாஸ்தி. செங்கல் கலருன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடு. விளக்கு பத்த வெச்சதும் வீடே வந்து சுத்தி நின்னுக்கும், லாட்டரி ரிசல்ட் பாக்கற மாதிரி.

ஓடிக்கினு இருந்துச்சு. இந்த வருஷம் கோடையிலதான் பேஜாரு ஆரம்பிச்சுது.

பவானி மெதுவாயிட்டா. வேற மாதிரி சொல்லத் தெரியல. கூப்புட்டா திரும்பவே நேரம் ஆவும். ஊரே வேர்த்துக் கொட்டற வெய்யில்ல "குளுருதுக்கா"ன்னு என் தாவணியைப் போத்திக்குவா. குரல் கரகரன்னு ஆம்பளப் பையனாட்டம். முகம் உப்பி, தலைமுடி சீப்போட வந்துச்சு. கழுத்துல லேசா ஒரு வீக்கம். கூடவே அடிக்கடி மயக்கம். பள்ளிக்கூடத்துல ஒரு வாட்டி, கிணத்தடியில ஒரு வாட்டி. சர்க்கரைத் தண்ணி குடுத்தா எழுந்துக்குவா.

ட்யூபு மட்டும் தினம் நீலம். சுத்த நீலம்.

பெரியப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "பாத்தியா? வியாதி எறங்கிடுச்சு. சர்க்கரையே இல்ல. இப்ப ஊசிதான் புள்ளைய மயக்கம் போட வைக்குது. ஊசியை நிறுத்துடா"ன்னு எங்கப்பாகிட்ட சொல்றாரு.

"ஊசியை நிறுத்துனா செத்துடுவா"ன்னேன்.

"நீ டாக்டரா?"

"நீங்க டாக்டரா?"

"வாய் மட்டும் இல்லன்னா உன்னை நாய் தூக்கினு போயிடும்."

எங்கப்பா சிரிஞ்சையும் அண்ணனையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அவரு வாயிலிருந்து "சரிண்ணே" வந்துட்டா என் தங்கச்சி அவ்வளவுதான். நான் சும்மா பெருசா பேசறேன்னு நினைக்காதீங்க. இந்த ரகத்துக்கு ஊசி நின்னா கொஞ்ச நாள்தான் தாங்கும்.

அதுக்குள்ள திண்டிவனத்துல ஒரு டாக்டர்கிட்ட கழுத்தைக் காட்டுனோம். அவரு தொட்டுப் பாத்தாரு, சீட்டுல எழுதுனாரு, "ஐயோடின் கம்மி. ஐயோடின்னா உப்புல இருக்கற ஒரு சத்து. மலைப் பக்கத்து ஜனங்களுக்கு வரும்"னு சொல்லி அனுப்பிட்டாரு.

வீட்டுல வந்து சொன்னா, பெரியப்பாவுக்கு வந்துச்சு பாருங்க கோவம். வியாதியைக் கூடத் தாங்கிக்கினாரு, இதைத் தாங்க முடியல. "இன்னாது? உப்பளத்துல பொறந்த பொண்ணுக்கு உப்புச்சத்து கம்மியா? ஊருக்கெல்லாம் உப்பு போடறோம், நம்ம வீட்டுல இல்லியா? வெளியில சொல்லாதீங்க, சிரிப்பானுங்க!"

அவரு யோசனை எப்படிப் போச்சுன்னு எனக்கு அப்பறம்தான் புரிஞ்சுது. உப்பை வாரி எடுத்தப்பறம் பாத்தியில கொஞ்சம் தண்ணி மிஞ்சும். கடைசித் தண்ணி. எண்ணெய் மாதிரி கொழகொழன்னு இருக்கும், நாக்குல வெச்சா அப்படி ஒரு கசப்பு. அதை வெளியில வடிச்சு வுட்டுடுவாங்க. பெரியப்பா கணக்கு இன்னான்னா, உப்பாயி நிக்கறது வெறும் உப்பு. சத்தெல்லாம் கடைசித் தண்ணியிலதான் நிக்குது. அதைத்தான் இவ்வளவு நாளா வடிச்சுக் கொட்டிட்டோம்.

மறுநாள் காலையில எப்பவும் போல நான் ஊசி போட்டேன். பவானி கேழ்வரகுக் கூழ் குடிச்சா. நான் பஸ்ஸுக்குப் போயிட்டேன். நான் போன பின்னாடி பெரியப்பா ஒரு டம்ளர்ல கடைசித் தண்ணியைக் கொண்டாந்து, "மருந்துடா கண்ணு, மூக்கைப் புடிச்சுக்கினு ஒரே மொடக்கு"ன்னு குடுத்திருக்காரு. பாசமாத்தான் குடுத்தாரு. அதுதான் கொடுமை. பவானி அவரு சொன்னா எதையும் குடிப்பா.

குடிச்ச கூழெல்லாம் வெளியில வந்துடுச்சு. வயிறும் புட்டுக்கினு போச்சு. போட்ட ஊசி மட்டும் உள்ள நின்னு வேலை செய்யுது. சாப்பாடு இல்லாம ஊசி வேலை செஞ்சா இன்னா ஆவும்? இருக்கற சர்க்கரையெல்லாம் இழுத்துக்கினு போயிடும். கை கால் இழுத்துக்கிச்சு அவளுக்கு.

அன்னிக்கு பஸ்ஸு ரொம்ப லேட்டு. நான் இன்னும் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறேன், உப்பு லாரி ஒண்ணு ஹாரன் அடிச்சுக்கினு வந்து பக்கத்துல நின்னுச்சு. முன் சீட்டுல எங்கம்மா, மடியில பவானி. பின்னாடி உப்பு மூட்டை மேல அப்பாவும் பெரியப்பாவும். "ஏ காலேஜி, ஏறு! ஏறுடீ!" அந்த மனுஷன் குரல் அப்படி உடைஞ்சு நான் கேட்டதே இல்ல. ஏறுனேன். என் பையில எப்பவும் சர்க்கரைப் பொட்டலம் இருக்கும். அவளை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, விரல்ல கொஞ்சம் கொஞ்சமா தொட்டு கன்னத்து உள் பக்கம் தடவிக்கினே வந்தேன். கோட்டக்குப்பம் தாண்டற வரைக்கும் கண்ணு தொறக்கல.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில நரம்புல குளுக்கோஸ் ஏத்துனாங்க. ஏத்திக்கினு இருக்கும்போதே கண்ணைத் தொறந்து, "அக்கா, நீ காலேஜுக்குப் போவலியா?"ன்னா.

அப்பறம் விசாரணை. பெரிய டாக்டர் வந்தாரு, பின்னாடி ஒரு பட்டாளம். "புள்ளைக்கு இன்னா குடுத்தீங்க?" பெரியப்பாதான் முன்னால வந்து, நெஞ்சை நிமித்திக்கினு, "நாந்தான் குடுத்தேன். எங்க பாத்தித் தண்ணி. ஐயோடினுக்கு"ன்னாரு. ஒண்ணு சொல்லணும், மறைக்கல அவரு.

"படிப்பறிவு இல்லாத ஜனங்க. கண்டதைக் குடுத்துட்டு இங்க வந்து நிக்கறாங்க"ன்னு பெரிய டாக்டர் பட்டாளத்துக்கு இங்கிலீஷ்ல சொல்றாரு. எனக்குப் புரியாதுன்னு நினைப்பு.

நான் சொன்னேன், "ஐயோடின் கம்மின்னு எழுதிக் குடுத்தது நல்லா படிச்ச டாக்டருங்க சார். சீட்டு இருக்குது, பாக்கறீங்களா?"

அவரு கண்ணாடிக்கு மேல என்னை ஒரு பார்வை பாத்தாரு. பட்டாளத்துல ஒரு சின்ன வயசு டாக்டரம்மா குனிஞ்சுக்கினு சிரிப்பை அடக்கறாங்க. அவங்கதான் நான் சொல்ற டாக்டரம்மா. மத்தவங்க நகந்ததும் அவங்க மட்டும் நின்னு, பவானியை நாற்காலி மேல முட்டி போட வெச்சு, குதிகாலுக்கு மேல இருக்கற நரம்புல சின்ன சுத்தியலால தட்டுனாங்க. பாதம் டக்குன்னு கீழ போச்சு. திரும்பி வர்றதுக்குத்தான் நேரமாச்சு. மெதுவா, தூக்கக் கலக்கத்துல வர்ற மாதிரி வந்துச்சு. என் காலைத் தட்டிக் காட்டுனாங்க. போன வேகத்துல திரும்பிடுச்சு.

"பாத்தியா? உன் தங்கச்சிக்கு உடம்போட வேகமே குறைஞ்சு போச்சு. கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்குது, அதுதான் வேகம் வைக்கிறது. அது தூங்குது. உடம்பு மெதுவானா பழைய அளவு ஊசியே அதிகமாயிடும். அதான் மயக்கம். அதான் ட்யூபு நீலம்."

"அப்ப சர்க்கரை போவல?"

"எங்க போவும்? ஒண்ணோட இன்னொண்ணும் சேந்துக்கிச்சு."

ஏன் ரெண்டும் ஒரே புள்ளைக்கு வரணும்? அதைத்தான் பாக்கணும்னாங்க. அதுக்குத்தான் ஆன்டிபாடி டெஸ்ட். ஆன்டிபாடின்னா நம்ம ரத்தத்துல இருக்கற எதிர்ப்புப் பொருள். வெளியிலிருந்து கிருமி வந்தா அடிக்கறதுக்கு. சில பேருக்கு அது சொந்த உடம்பையே அடிக்கும். இதை நான் எங்கம்மாவுக்குச் சொன்னது எப்படின்னா, உப்பு அம்பாரத்துக்குக் காவக்காரன் போடறோம். அவன் திருடனை அடிக்காம, பாத்தியில உப்பு வாரற ஆளையே அடிச்சு வெரட்டறான். முதல்ல கணையத்துல இருந்தவனை அடிச்சான். இப்ப கழுத்துல இருக்கறவனை அடிக்கறான்.

"அப்ப அந்தக் காவக்காரனை வேலையை வுட்டுத் தூக்கச் சொல்லு"ன்னாங்க எங்கம்மா.

"தூக்க முடியாதும்மா. அடி வாங்கிப் போனவன் வேலையை நாம செய்யணும். ஊசி ஒண்ணு, மாத்திரை ஒண்ணு."

வராண்டாவுல பெரியப்பா அப்பாவைத் தனியா இழுத்துக்கினு போயி பேசிக்கினு இருந்தாரு. அவரு பேசறது தனியான்னு அவருக்குத்தான் நினைப்பு, மூணு வார்டுக்குக் கேக்கும். "டாக்டரே சொல்லிட்டாங்க, ஊசி அதிகம்னு. கேட்டியா? ரத்தம் எடுக்கறாங்களாம். எடுக்கட்டும். அதுல ஒண்ணும் இல்லன்னு வந்தா புள்ளைய ஊருக்குத் தூக்கினு போயிடுவோம். ஊசியும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

எங்கப்பா, "ரிசல்ட்டு வரட்டும்ண்ணே"ன்னாரு. "சரிண்ணே"ன்னு சொல்லல. எங்கப்பா வாழ்க்கையில அதுதான் பெரிய புரட்சி. ஆனா ரிசல்ட்டுல ஒண்ணும் இல்லன்னா அடுத்தது "சரிண்ணே"தான், எனக்கு நல்லா தெரியும்.

டாக்டரம்மா வீட்டு ஆளுங்க ரத்தமும் வேணும்னாங்க. குடும்பத்துல ஓடற விஷயமாம். பக்கத்துல வெச்சுப் பாக்கறதுக்கு நோய் இல்லாத ஒருத்தரும் வேணும். பெரியப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு முதல் ஆளா கையை நீட்டிட்டாரு. "என்னுது எடு தாயி. உப்புக் காத்துல ஊறுன ரத்தம். ஒரு பூச்சி அண்டாது." அம்மா, அப்பா, நான் எல்லாரும் குடுத்தோம்.

காத்துக்கினு இருக்கறதுதான் ஆஸ்பத்திரியில முக்கால்வாசி. பக்கத்துக் கட்டில்ல கோட்டக்குப்பம் ரஹீமா அக்கா. அவங்க பையனுக்கும் அதே சர்க்கரை. வீட்டுக்காரரு துபாயில. "பாவா, அதான் அவங்கப்பா, துபாய்க்குப் போனதுனால புள்ளை ஏங்கி இப்படி ஆயிடுச்சுன்னு மாமியார் சொல்லுது. நான்தான் அனுப்பிட்டேனாம்"னாங்க. பாத்தீங்களா, அங்கயும் திட்டு. எங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரிக் கஞ்சி எறங்கலன்னு தினம் அவங்க வீட்டுச் சாப்பாட்டுல பாதியைத் தள்ளி வுடுவாங்க. வீட்டுக்காரரு அனுப்புன ஃப்ளாஸ்க் ரெண்டு இருந்துச்சு. ஒண்ணைத் தூக்கி என் கையில குடுத்துட்டாங்க. "இதுல ஐஸு போட்டு இன்சுலின் வெச்சுக்க. ஆனா பாட்டிலு ஐஸு மேல படக்கூடாது, உறைஞ்சா வீணாயிடும், துணி சுத்து. எனக்கு எதுக்கு ரெண்டு."

மறுநாள் டாக்டரம்மா என்னை லேபுக்குக் கூட்டினு போனாங்க, விலங்கியல் பொண்ணுன்னு. சோக்கான வேலை அது. ஆட்டு ரத்தத்துல இருந்து சிவப்பு அணுவை எடுக்கறாங்க. தோலைப் பதப்படுத்தற மாதிரி அதைப் பதப்படுத்தி, மேல தைராய்டுச் சத்தைப் பூசறாங்க. குழி குழியா ஒரு தட்டு, பணியாரச் சட்டியாட்டம், ஆனா ரொம்பச் சின்னக் குழி. ஒரு ஆளுக்கு ஒரு வரிசை. ரத்தத்துல இருந்து தெளிஞ்ச தண்ணியை முதல் குழியில வுட்டு, அடுத்த குழியில அதுல பாதி, அதுக்கடுத்ததுல அதுலயும் பாதின்னு நீர்க்க வுட்டுக்கினே போறாங்க. அப்பறம் எல்லாத்துலயும் அந்த ஆட்டு அணு. தட்டை அசைக்காம வெச்சுடணும். ஆன்டிபாடி இருந்தா அணுவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கைகோத்து குழி அடியில பாய் விரிச்ச மாதிரி பரவிக்கும். இல்லன்னா நடுவுல போயி பட்டன் மாதிரி குமிஞ்சு உக்காந்துக்கும். எவ்வளவு நீர்த்த குழி வரைக்கும் பாய் விரியுதோ அவ்வளவு ஜாஸ்தி.

"என் வூட்டு ஆம்பளைங்களைக் கூப்புடட்டுமா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க, கண்ணால பாக்கட்டும்"னேன். டாக்டரம்மா தலையாட்டுனாங்க.

பெரியப்பா தட்டைக் குனிஞ்சு பாத்தாரு. இது அவரு பாஷை. வாழ்க்கை பூரா பாத்தியில உப்பு ஆடை கட்டுதா இல்லியான்னு குனிஞ்சு பாத்த ஆளு. "இது யாரு வரிசை?"

"பவானி."

"அடி சக்க! கடைசி வரைக்கும் ஆடை கட்டியிருக்குது! சுத்தமான பாத்தி. இது?"

"அம்மா."

"பரவால்ல, பாதிக்கு மேல கட்டியிருக்குது. இது?"

"அது நீங்க."

"பாத்தியா, என்னுதும் ஆரம்பத்துல கட்டியிருக்குது! இதோ உங்கப்பன், ஒண்ணுமே கட்டல, எல்லாம் அடியில உக்காந்துடுச்சு. உதவாத பாத்தி. ஏ காலேஜி, உன்னுதும் உதவாது."

டாக்டரம்மா மெதுவா சொன்னாங்க, "ஐயா, இங்க ஆடை கட்டுனாதான் கோளாறு."

நான் சிரிக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சேன். பெரியப்பா கை தன்னால அவரு கழுத்துக்குப் போச்சு. "எனக்கா?"

"பயப்படாதீங்க. நல்லா இருக்கறவங்களுக்கும் இந்த அளவு இருக்கும், வியாதின்னு அர்த்தம் இல்ல. இருந்தா மட்டும் போதாது, சுரப்பி கெடணும். பவானிக்குக் கெட்டுப் போயிருக்குது. அவங்க அம்மாவையும் பாக்கணும். ஐயோடின் கம்மியினால வந்த வீக்கம் இல்ல இது. யாரும் எதையும் தின்னு வரல, சுமந்து வரல. நீங்க அந்தத் தண்ணியைக் குடுத்ததும் இதுக்குக் காரணம் இல்ல. ஆனா இன்னொரு வாட்டி குடுத்தீங்கன்னா நானே போலீசைக் கூப்புடுவேன்."

"கணையத்துக்கும் இந்த மாதிரி தட்டு இருக்குதா?"ன்னு எங்கப்பா கேட்டாரு. அவரு கேள்வி கேட்டதே எல்லாருக்கும் ஆச்சரியம்.

இருக்குது, ஆனா இது மாதிரி இல்லன்னாங்க டாக்டரம்மா. மனுஷக் கணையத்துல மெல்லிசா ஒரு சீவல் சீவி, அது மேல ரத்தத் தண்ணியை வுட்டு, சாயம் போட்டு, ஒரு தனி வெளிச்சத்துல பாக்கணும். ஆன்டிபாடி இருந்தா பச்சையா ஜொலிக்கும். வெளிநாட்டுல இதைக் கண்டுபுடிச்சே கொஞ்ச வருஷம்தான் ஆவுது. இங்க வசதி இல்லன்னு வெளியூர்ல ஆராய்ச்சி பண்றவங்களுக்கு பவானி ரத்தத்தை ஐஸ்ல வெச்சு அனுப்பியிருக்காங்க. பதில் இன்னும் வரல. வந்து "இல்ல"ன்னு இருந்தாலும் பெருசா எடுத்துக்கக் கூடாதாம். வியாதி வந்து வருஷம் ஆச்சுன்னா அடிக்கறதுக்கு ஆளே மிஞ்ச மாட்டான், அடிக்கறவனும் கலைஞ்சு போயிடுவானாம். ஊசி எப்படியும் உண்டு. அதை மூணு வாட்டி சொல்ல வெச்சேன், அப்பா காதுல வுழணும்னு.

அப்பறம் எங்கம்மாவையும் லேபுக்கே கூப்புட்டு, நாற்காலியில முட்டி போட வெச்சு சுத்தியலால தட்டுனாங்க. பாதம் போச்சு. திரும்பி வரவே இல்லியேன்னு பாத்துக்கினு இருந்தோம், அப்பறம் வந்துச்சு.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க குடும்பத்துல எங்கம்மாவுக்குப் பேரே சோம்பேறி. மத்தப் பொம்பளைங்க கூடையை எறக்கிட்டுத் திரும்பிடுவாங்க, எங்கம்மா அப்பதான் பாதிக் கரையில நடந்துக்கினு இருப்பாங்க. பெரியம்மா, அத்தை, பக்கத்துப் பாத்திக்காரங்க, எல்லாரும் சொல்லிச் சொல்லி அவங்களே நம்பிட்டாங்க. "நான் பொறவியே சோம்பேறி"ன்னு அவங்களே சிரிச்சுக்கினு சொல்லுவாங்க.

டாக்டரம்மா விஷயத்தைச் சொல்லி முடிச்சதும் எங்கம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "அப்ப நான் சோம்பேறி இல்லீங்களா?"

"இல்லம்மா. இந்த உடம்போட நீங்க உப்பு சுமந்ததே அதிகம்."

எங்கம்மா முந்தானையால வாயை மூடிக்கினாங்க. அழலாம் போலத்தான் இருந்துச்சு எனக்கும். அதுக்குள்ள பெரியப்பா வாயைத் தொறந்துட்டாரு. "அப்ப வியாதி அம்மா வழியிலதான் வந்திருக்குது, அப்படித்தானே?"

நான் திரும்பினேன். "உங்க வரிசையில ஆடை கட்டுனது எந்த வழியில வந்துச்சு பெரியப்பா?"

லேபுல இருந்த எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எங்கப்பா கூட. பெரியப்பா என்னை அடிக்கப் போற மாதிரி கையை ஓங்கிட்டு, அந்தக் கையைக் கொண்டு போயி மறுபடியும் கழுத்தைத் தடவிக்கினாரு. ரஹீமா அக்காகிட்ட இதைச் சொன்னப்ப, "மாஷா அல்லாஹ், அந்த வாயை வெச்சே நீ பொழச்சுக்குவே"ன்னாங்க.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு டாக்டரம்மா தெளிவா சொல்லி அனுப்புனாங்க. பவானிக்கு ஊசி அளவைக் குறைச்சிருக்குது. தைராய்டு மாத்திரை கொஞ்சத்துல ஆரம்பிச்சு ஏத்தணும், வெறும் வயித்துல. உடம்பு முழிச்சுக்கினா சர்க்கரையும் முழிச்சுக்கும். ட்யூபு நீலத்திலிருந்து பச்சைக்குப் போவும். அப்ப பயப்படாம, பச்சை மஞ்சளுக்குப் போவாத அளவுக்கு ஊசியைக் கொஞ்சம் ஏத்தணும். "எப்பவும் நீலமாவே இருக்கணும்னு ஆசைப்படாதீங்க. சின்னப் புள்ளைக்கு லேசா பச்சைதான் பத்திரம்."

கோட்டக்குப்பம் எல்லையில போலீஸ் பஸ்ஸை நிறுத்தி சரக்கு இருக்குதான்னு சோதனை போட்டாங்க. பாண்டிச்சேரியில இருந்து வர்றவன் எல்லாம் அவங்களுக்கு பாட்டில்தான் கொண்டாறான். என் பையைத் தொறந்த போலீஸ்காரரு ஸ்பிரிட் பாட்டிலை மோந்து பாத்துட்டு, "இன்னாம்மா இது? பாக்க காலேஜ் பொண்ணாட்டம் இருக்கே"ன்னாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள பின் சீட்டுல இருந்து பெரியப்பா எழுந்துட்டாரு. "ஏம்பா, அது குடிக்கற ஸ்பிரிட்டு இல்ல. புள்ளைக்கு மூத்திரம் காய்ச்சற விளக்குக்கு. ஃப்ளாஸ்க்கைத் தொறக்காத, உள்ள இன்சுலின் இருக்குது, ஐஸு கரைஞ்சா நீ குடுப்பியா? ஊசி இல்லன்னா உசுரு நிக்காது, தெரியுமா உனக்கு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கினேன். ரொம்ப நேரம் திரும்பல.

வந்து கொஞ்ச வாரம் ஆச்சு. அம்மாவும் பவானியும் காலையில ஒண்ணா உக்காந்து மாத்திரை போட்டுக்கறாங்க, யாரு முதல்ல முழுங்கறதுன்னு போட்டி. அம்மா கரையில வேகமா நடக்கறாங்கன்னு பெரியம்மாவுக்கு வயித்தெரிச்சல். பவானி கழுத்து வீக்கம் இன்னும் இருக்குது. குரல் மட்டும் பழைய குரல். நேத்து பாத்திக் கரை மேல ஓடுனா. "கரை உடைஞ்சுடும், எறங்குடீ!"ன்னு பெரியப்பா கத்தறாரு, அவ நிக்கவே இல்ல.

இன்னிக்குக் காலையில விளக்கைப் பத்த வெச்சேன். எல்லாரும் வழக்கம் போல சுத்தி நின்னாங்க. ட்யூபு கொதிச்சுது. நீலம் கலங்கிச்சு. அப்படியே பச்சைக்குத் திரும்பிச்சு.

எங்கப்பா மூஞ்சி செத்துப் போச்சு. பெரியம்மா, "ஐயோ, மறுபடியும் வந்துடுச்சா"ன்னாங்க. அம்மா மேல ஒரு பார்வை வேற. நான் அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் பாத்துக்கினு நின்னேன். இந்த நிமிஷத்துக்குத்தான் அத்தனை சண்டையும்.

பெரியப்பா ட்யூபை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சாரு. குனிஞ்சு பாத்தாரு, நிமிந்து பாத்தாரு.

"புள்ளை உடம்பு முழிச்சுக்கிச்சு"ன்னாரு. "ஏ காலேஜி, ஊசியை ஏத்தணும்னு சொன்னாங்களே, எவ்வளவு?"

"கொஞ்சம்தான்."

"ஏத்து."

ஏத்துனேன். பவானி இட்லி தின்னுட்டுப் பையை மாட்டிக்கினு கிளம்பிட்டா. இங்க டைப்பிங் கிளாஸ்ல மாஸ்டர், பாடத்தை அடிக்காம இன்னாத்தை அடிக்கிறேன்னு முறைக்கறாரு. பவானி இப்ப ஸ்கூல்ல இருக்கா.